சட்டமூலமும் இடைக்காலமும்
கேரளச் சட்டசபையின் இரு சட்டமூலங்கள் (1957 – 1959) பற்றிய ஒரு விமரிசன நோக்கு

சட்டசபைகளின் வரலாற்றை எழுதுவோர் நிறைவேறிய சட்டங்களையே பெரும்பாலும் கணக்கிலெடுப்பர். ஒரு சட்டமூலம் சபையின் முன் வைக்கப்பட்ட நாளுக்கும், அது வயலிலும் வகுப்பறையிலும் சட்டமாக இயங்கத் தொடங்கிய நாளுக்கும் இடைப்பட்ட காலம் அவர்களுக்கு வெறும் இடைவெளியாகவே தோன்றும். ஆயின் சமுதாயம் அவ்விடைவெளியில் உறங்கிக் கிடப்பதில்லை. தனக்கு எதிரான சட்டம் வரவிருக்கின்றது என்பதை அறிந்த நிலவுடைமையாளன் அக்காலத்திலேயே தன் காணியைப் பிரித்தெழுதுகிறான், குடியானவனை வெளியேற்றுகிறான், வழக்குத் தொடர்கிறான். எனவே, ஒரு சட்டமூலத்தை மதிப்பிடும்போது அதன் வாசகங்களோடு அது கடந்துவந்த காலத்தையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். இவ்வாறு நோக்குவதற்கு 1957 ஏப்ரல் முதல் 1959 யூலை வரை இயங்கிய கேரளத்தின் முதலாவது சட்டசபை மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும்.

1956 நவம்பர் 1 ஆம் திகதி திருவிதாங்கூர், கொச்சி, மலபார் ஆகிய பகுதிகள் இணைந்து கேரள மாநிலம் உருவானது. அடுத்த ஆண்டு நடைபெற்ற பொதுத்தேர்தலில் 126 இடங்களுள் 60 இல் கம்யூனிஸ்ட் கட்சி வெற்றி பெற்றது. சுயேச்சை உறுப்பினர் ஐவரின் ஆதரவுடன் இ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு 1957 ஏப்ரல் 5 ஆம் திகதி முதலமைச்சராகப் பதவியேற்றார். அவரே ஒரு ஜன்மிக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதும், மலபார் சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியாக இருந்த காலத்தில், மலபார்க் குடிவாரம் பற்றி ஆராய அமைக்கப்பட்ட குழுவில் உறுப்பினராகி, ஜன்மி முறை ஒழிக்கப்பட வேண்டும் என மாற்றுக் குறிப்பு எழுதியவர் என்பதும் மனங்கொள்ளத்தக்கவை. வருவாய் அமைச்சராகக் கே. ஆர். கௌரியும், கல்வி அமைச்சராக மலையாளத்தின் முன்னணி இலக்கிய விமரிசகர்களுள் ஒருவரான ஜோசப் முண்டசேரியும், சட்ட அமைச்சராக வி. ஆர். கிருஷ்ண ஐயரும் பொறுப்பேற்றனர்.

அச்சபை பல சட்டமூலங்களை ஆராய்ந்தது. ஆயினும் அதன் ஆயுளைத் தீர்மானித்தவை இரண்டு. ஒன்று கல்விச் சட்டமூலம். மற்றையது நில உறவுகள் சட்டமூலம். இவ்விரண்டையும் விளங்கிக்கொள்வதற்கு, இவற்றிற்கு முன்னர் வந்ததும் இவற்றைவிடச் சிறியதுமான ஓர் ஆணையிலிருந்து தொடங்குவது பொருந்தும்.

1. ஆறு நாள்களில் வந்த அவசரச் சட்டம்

அமைச்சரவை பதவியேற்ற ஆறாம் நாள், அதாவது 1957 ஏப்ரல் 11 ஆம் திகதி, குடியானவரை நிலத்திலிருந்து வெளியேற்றும் நடவடிக்கைகளை நிறுத்திவைக்கும் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. பின்னர் அது சபையிற் சட்டமாக்கப்பட்டது. அந்த ஆணை எவருக்கும் ஓர் அங்குல நிலத்தையேனும் உரிமையாக்கவில்லை. குத்தகையைக் குறைக்கவுமில்லை. இருந்தவனை இருந்த இடத்தில் இருக்கவிடு என்பதே அதன் பொருள்.

இத்தகைய எளிய ஆணையின் பெறுமதியை உணர்வதற்குக் கேரளத்தின் நிலவுறவு முறையைச் சற்று நினைவுகூர்தல் வேண்டும். நிலத்தின் உச்சியில் ஜன்மி இருந்தான். அவனுக்குக் கீழே காணக்காரன், அவனுக்கும் கீழே வெறும்பாட்டக்காரன் எனப் படிகள் பல இருந்தன. வெறும்பாட்டக்காரனே பெரும்பாலும் ஏர் பிடித்தவன்; அவனுக்கே பாதுகாப்பு மிகக் குறைவு. 1930 ஆம் ஆண்டின் மலபார்க் குடிவாரச் சட்டம் மேற்படியிலிருந்த காணக்காரருக்கு அளித்த பாதுகாப்பு அவனை முழுமையாக எட்டவில்லை. இப்படிகளுக்கும் வெளியே, ஒரு குடிசையிற் குடியிருக்கும் அனுமதியை மாத்திரம் பெற்றிருந்த குடிகிடப்புக்காரர் இருந்தனர். அவர்களுட் பெரும்பான்மையோர் புலையர், பறையர், செறுமர் முதலிய ஒடுக்கப்பட்ட சாதியினரான விவசாயத் தொழிலாளர்.

நிலச்சீர்திருத்தம் வரப்போகின்றது என்ற செய்தி பரவியதும் நிலவுடைமையாளன் செய்யக்கூடிய முதற்காரியம் குடியானவனை அகற்றி, நிலத்தைத் தன் நேரடிப் பயிர்ச்செய்கையில் உள்ளதாகக் காட்டுவதே. அமைச்சரவை இதை முன்னுணர்ந்தது. பெரிய சட்டமூலத்தை எழுதுவதற்கு முன்னர், அது எழுதப்படும் காலத்தில் நிகழக்கூடிய தீங்குக்குத் தடை போட்டது. இருபத்தெட்டு மாத ஆட்சியின் மிகுந்த விவேகமான செயல் இதுவே எனலாம்.

2. கல்விச் சட்டமூலம்

கேரளத்தின் எழுத்தறிவு வளர்ச்சியில் தனியார் பாடசாலைகள் வகித்த பங்கு மறுக்க முடியாதது. கிறித்தவ சபைகளும், நாயர் சேவைச் சங்கம் போன்ற சமூக அமைப்புகளும் பெருந்தொகையான பாடசாலைகளை நடத்தின. அதே வேளையில், நியமனத்துக்கு நன்கொடை என்ற பெயரிற் பணம் பெறப்படுவதும், அரசிடம் பெற்ற சம்பளம் ஆசிரியர் கைக்கு முழுமையாக வந்து சேராததும், முகாமையாளரின் விருப்பு வெறுப்புக்கு ஏற்ப வேலை பறிபோவதும் ஆசிரியர் சங்கங்களின் நெடுநாள் முறைப்பாடுகளாக இருந்தன.

முண்டசேரியின் சட்டமூலம் இம்முறைப்பாடுகளுக்கு விடையாக வந்தது. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளின் ஆசிரியர் சம்பளத்தை அரசு நேரடியாக வழங்கும் என்றது 9 ஆம் வாசகம். பொதுச் சேவை ஆணைக்குழு தயாரிக்கும் பட்டியலிலிருந்தே ஆசிரியர் நியமிக்கப்படல் வேண்டும் என்றது 11 ஆம் வாசகம். கடமை தவறும் பாடசாலையின் முகாமையை அரசு ஏற்கவும், குறித்தவொரு பகுதியின் பாடசாலைகளை நட்டஈட்டுடன் பொறுப்பேற்கவும் 14 ஆம், 15 ஆம் வாசகங்கள் இடமளித்தன. ஆரம்ப வகுப்புகளிற் கட்டணம் அறவிடலாகாது என்றது 20 ஆம் வாசகம்.

1957 செப்டெம்பர் 2 ஆம் திகதி சபை இதை நிறைவேற்றியது. ஆளுநர் அதற்குத் தாமே இசைவளிக்காது ஜனாதிபதியின் கவனத்துக்கு ஒதுக்கிவைத்தார். ஜனாதிபதி இராசேந்திரப் பிரசாத், அரசியலமைப்பின் 143 ஆம் உறுப்புரையின்படி, டிசெம்பர் 26 ஆம் திகதி உச்ச நீதிமன்றத்தின் ஆலோசனையைக் கோரினார். 1958 மே 22 ஆம் திகதி பிரதம நீதியரசர் எஸ். ஆர். தாஸ் தலைமையிலான மன்றம் தன் கருத்தை வழங்கியது.

அக்கருத்தை ‘நீதிமன்றம் முற்போக்குச் சட்டத்தை முறியடித்தது’ என ஒரே வரியில் ஒதுக்கிவிடுதல் விமரிசனமாகாது. மதத்தையோ மொழியையோ அடிப்படையாகக் கொண்ட சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையை 30 ஆம் உறுப்புரை வழங்குகின்றது. முகாமையையே இழக்கும் நிபந்தனைக்கு உடன்பட்டால் மாத்திரமே உதவியும் அங்கீகாரமும் உண்டு என்பது அவ்வுரிமையை வெறும் எழுத்தாக்கிவிடும் என மன்றம் கருதியது. கட்டணத்தைத் தடுத்து அதற்கு ஈடாக எதுவும் வழங்காதிருப்பது அத்தகைய பாடசாலைகளை மூடச்செய்யும் எனவும் கண்டது. எனினும் ஆசிரியரைப் பொறுத்தவரை சட்டமூலத்தின் உயிர்நாடியாக இருந்த 9 ஆம், 11 ஆம் வாசகங்களை, அவை முகாமை உரிமையிற் பெரிதும் தலையிடுவன என்று கூறியபோதிலும், அனுமதிக்கத்தக்க ஒழுங்குவிதிகளாகவே ஏற்றுக்கொண்டது. ஆசிரியர் உரிமையும் சிறுபான்மையோர் உரிமையும் ஒன்றையொன்று அழிக்காமல் வாழ முடியும் என்பதே இக்கருத்திலிருந்து பெறத்தக்க முடிபாகும்.

சட்டமூலம் திருத்தப்பட்டு மீண்டும் சபையில் நிறைவேறி, 1959 பெப்ரவரி 19 ஆம் திகதி ஜனாதிபதியின் இசைவைப் பெற்று, யூன் 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. முதன்முறை நிறைவேறியதற்கும் நடைமுறைக்கு வந்ததற்கும் இடையில் இருபத்தொரு மாதங்கள் கழிந்திருந்தன. நீதிமன்றத்தின் ஆய்வுக்கு ஐந்து மாதமே தேவைப்பட்டது. எஞ்சிய மாதங்களில் எதிர்ப்பு அணி திரண்டது. கத்தோலிக்க சபையும் மன்னத்துப் பத்மநாபன் தலைமையிலான நாயர் சேவைச் சங்கமும் ஒரே மேடைக்கு வந்தன. கல்விச் சட்டத்தால் அஞ்சியோரும் நிலச் சட்டத்தால் அஞ்சியோரும் ஒன்றாயினர். சட்டம் நடைமுறைக்கு வந்த பன்னிரண்டாம் நாள் ‘விமோசன சமரம்’ எனப்பட்ட கிளர்ச்சி தொடங்கியது. மறுநாள் அங்கமாலியிற் பொலிசாரின் துப்பாக்கிச்சூட்டில் எழுவர் உயிரிழந்தனர். குடியானவருக்கும் ஆசிரியருக்கும் பாதுகாப்பளிக்க வந்த ஓர் அரசின் பொலிசார் மக்கள்மீது சுட்டமையை எந்தச் சமாதானத்தாலும் மறைத்தல் இயலாது. அந்த அரசின் ஒழுக்க வலிமை அங்கே பெரிதும் குன்றியது.

3. நில உறவுகள் சட்டமூலம்

இரண்டாவது சட்டமூலத்தின் பயணம் இதனினும் நீண்டது. 1957 டிசெம்பர் 18 ஆம் திகதி அது வர்த்தமானியில் வெளியானது. குடியானவருக்கு நிலைத்த உரிமை, குத்தகைக்கு உச்சவரம்பு, நிலத்தை விலைக்கு வாங்கும் வாய்ப்பு, ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 15 ஏக்கர் இருபோக வயல் அல்லது அதற்கு ஈடான நிலம் என்ற உடைமை வரம்பு ஆகியன அதன் முக்கிய கூறுகள். இவற்றுள் எதுவும் அன்றைய இந்திய அரசியலுக்குப் புதுமையானதன்று. குத்தகைச் சீர்திருத்தமும் உடைமை வரம்பும் இந்தியத் திட்ட ஆணைக்குழுவே பரிந்துரைத்தவை. 1959 ஜனவரியில் நாகபுரியிற் கூடிய காங்கிரஸ் மாநாடும் உடைமை வரம்பை வலியுறுத்தித் தீர்மானம் இயற்றியது. ஆகவே அச்சட்டமூலம் எதிர்க்கப்பட்டமைக்கு அதன் தீவிரத்தைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. அதனை நடைமுறைப்படுத்தக் கருதிய ஓர் அரசு ஆட்சியில் இருந்தமையே காரணம் எனல் தகும்.

ஏறத்தாழப் பதினெட்டு மாத ஆய்வின் பின்னர் 1959 யூன் 10 ஆம் திகதி சபை அதை நிறைவேற்றியது. கிளர்ச்சி வெடித்தது அதற்கு இரண்டு நாள்களின் பின்னரே. ஐம்பத்தோராம் நாளான யூலை 31 ஆம் திகதி, 356 ஆம் உறுப்புரையின் கீழ் அமைச்சரவை பதவி நீக்கப்பட்டுச் சபையும் கலைக்கப்பட்டது. சட்டமூலம் ஜனாதிபதியின் இசைவை எதிர்நோக்கிக் கிடந்தது.

பெற்றெடுத்த சபை இறந்துவிட்டது. பிள்ளை மாத்திரம் உயிரோடிருந்தது. 1960 பெப்ரவரித் தேர்தலில் வேறொரு கூட்டணி ஆட்சிக்கு வந்தது. அவ்வாண்டு யூலையில் ஜனாதிபதி திருத்தங்களைக் குறிப்பிட்டுச் சட்டமூலத்தை மீளாய்வுக்காகத் திருப்பியனுப்பினார். புதிய சபை ஒக்டோபர் 15 ஆம் திகதி அதைத் திருத்தி நிறைவேற்றியது. 1961 ஜனவரி 21 ஆம் திகதி இசைவு கிடைத்தது. சபை கலைந்தபோதே சட்டமூலமும் காலாவதியாகிவிட்டது என ஒரு வழக்கு எழுந்தது. சபையில் நிறைவேறி இசைவுக்குக் காத்திருக்கும் சட்டமூலம் சபையோடு மறைவதில்லை என உச்ச நீதிமன்றம் தீர்த்தது. எனினும் மற்றொரு வழக்கில், 1961 டிசெம்பர் 5 ஆம் திகதி, காசர்கோடு, ஹோஸ்துர்க் ஆகிய தாலுகாக்களின் ரயத்துவாரி நிலங்களைப் பொறுத்தவரை அச்சட்டம் செல்லாது என அதே மன்றம் கூறியது. தேயிலை, கோப்பி, இறப்பர் ஆகிய பெருந்தோட்டங்களுக்கு விலக்களித்த சட்டம், மிளகுக்கும் கமுகுக்கும் அவ்விலக்கை மறுத்தமை சமத்துவத்துக்கு முரணானது என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று.

எனவே எல்லாம் மீண்டும் தொடங்கியது. 1963 ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1964 இல் அரசியலமைப்பின் பதினேழாவது திருத்தம் அதற்குக் காப்பளித்தது. 1967 இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த நம்பூதிரிப்பாட்டின் கூட்டணி அரசில், கௌரியே மீண்டும் வருவாய் அமைச்சராகி, அச்சட்டத்தை வலுப்படுத்தும் திருத்தத்தை 1969 இல் நிறைவேற்றுவித்தார். அத்திருத்தம் அச்சுத மேனனின் ஆட்சியில் 1970 ஜனவரி 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்து ஜன்மி முறைக்கு முடிவு கட்டியது. வர்த்தமானியில் வெளியான நாளிலிருந்து கணக்கிட்டாற் பன்னிரண்டு ஆண்டுகள்.

இப்பன்னிரண்டு ஆண்டுகளின் விலை என்ன? உடைமை வரம்பை ஏய்க்கும் நோக்குடன் செய்யப்படும் கைமாற்றங்கள் செல்லா என 1963 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 84 ஆம் பிரிவு கூறுகின்றது. ஆயின் அது குறிப்பிடும் நாள், 1963 ஆம் ஆண்டுச் சட்டமூலம் வர்த்தமானியில் வெளியான நாளேயன்றி, 1957 டிசெம்பர் 18 அன்று. முதலாவது சட்டமூலத்தால் எச்சரிக்கை பெற்றவன் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் மகனுக்கும் மருமகனுக்கும் நிலத்தைப் பிரித்தெழுத முடிந்தது. உடைமை வரம்பின் மூலம் பெறப்பட்ட உபரி நிலம் முதலில் எதிர்பார்க்கப்பட்டதிலும் மிகக் குறைவாயிருந்தமைக்கு இது ஒரு முதன்மையான காரணம். குடியானவருக்கு உரிமை வழங்கும் பகுதி வெற்றி பெற்றதும், நிலமற்றோருக்கு நிலம் வழங்கும் பகுதி தோல்வியுற்றதும் தற்செயலானவையல்ல. வெளியேற்றத்தைத் தடுக்கும் ஆணை 1957 ஏப்ரலிலேயே பிறந்து, குடியானவன் நிலத்திற் கால் ஊன்றி நிற்க உதவியது. கைமாற்றத்தைத் தடுக்கும் ஆணை அவ்வாறு உரிய காலத்திற் பிறந்து நிலைக்கவில்லை.

4. சட்டமூலத்தின் உள்ளேயிருந்த குறை

காலதாமதத்தை மாத்திரம் குற்றஞ்சாட்டுதல் நேர்மையாகாது. சட்டமூலத்தின் வாசகங்களிலேயே ஒரு வர்க்க எல்லை வரையப்பட்டிருந்தது. நிலம் குத்தகைக்காரனுக்கு என்பதே அதன் அடிப்படை. சேற்றில் இறங்கி நாற்று நட்டவளும் கதிர் அறுத்தவனும் குத்தகைக்காரர் அல்லர், கூலிகள். 1969 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கிராமப் பஞ்சாயத்துப் பகுதியிற் குடிகிடப்புக்காரனுக்குக் குடிசையைச் சூழ்ந்த பத்து சென்று நிலத்தை வாங்கும் உரிமை கிடைத்தது. வெளியேறு என்று சொல்ல இனி ஒருவனுமில்லை என்பது தலைமுறைகளாக அஞ்சி வாழ்ந்தோருக்குச் சிறிய காரியமன்று. ஆனால் பத்து சென்றில் வீடு கட்டலாம். வயல் செய்ய இயலாது.

இரண்டாவது எல்லை பெருந்தோட்டம். தேவிகுளம், பீர்மேடு ஆகிய மலைப்பகுதிகளிற் பரந்து கிடந்த தேயிலைத் தோட்டங்கள் உடைமை வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டன. அங்கு உழைத்தோருட் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர். ஏற்றுமதி வருமானம், உற்பத்தி அளவு ஆகியன கருதி அவ்விலக்கு நியாயப்படுத்தப்பட்டது. விளைவு, சமவெளியில் ஜன்மி மறைந்தான். மலையிற் கம்பனி நிலைத்தது.

இவ்விடத்தில் இலங்கை வாசகனுக்கு விளக்கம் தேவையில்லை. 1972 ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டம் கம்பனித் தோட்டங்களை விட்டுவைத்தது. 1975 இல் அவையும் அரசுடைமையாயின. ஆயினும் லயன் காம்பராவில் வாழ்ந்தோருக்கு அவ்விரு சட்டங்களும் நிலம் தரவில்லை. உடைமையாளன் மாறினான், உழைத்தவன் நிலை மாறவில்லை.

5. இலங்கை தரும் இரு பாடங்கள்

கேரளச் சட்டமூலத்துக்கு நேர்ந்த கதிக்கு மாநிலச் சட்டசபையின் அதிகாரக் குறைவே காரணம் என்பது ஒரு வாதம். ஆளுநர், ஜனாதிபதி, உச்ச நீதிமன்றம் என்ற மூன்று வாயில்களைக் கடக்க வேண்டியிராத ஒரு சபையாயின் அது வென்றிருக்கும் என்பர். இவ்வாதத்தைச் சோதிக்க இலங்கையின் 1958 ஆம் ஆண்டு 1 ஆம் இலக்க நெற்காணிச் சட்டம் உதவும். பிலிப் குணவர்த்தன கொணர்ந்த அச்சட்டம், இறைமையுள்ள ஒரு பாராளுமன்றத்தில், கேரளச் சட்டமூலம் சபையில் இருந்த அதே காலத்தில் நிறைவேறியது. எந்த நீதிமன்றமும் அதனை முற்றாக வீழ்த்தவில்லை. ஆயினும் அச்சட்டத்தை எதிர்நோக்கியும் அதன் பின்னரும் பெருந்தொகையான வாரக்குடிகள் வயல்களிலிருந்து அகற்றப்பட்டனர். இலங்கையிற் சட்டம் இருந்தது. ஏப்ரல் 11 ஆம் திகதிய அவசரச் சட்டம் போன்ற ஒன்று முன்கூட்டி வரவில்லை. ஆகவே வாயில்களின் எண்ணிக்கையைக் காட்டிலும், வாயிலில் நிற்கும் காலத்தில் எளியவனின் நிலை எவ்வாறு காக்கப்படுகின்றது என்பதே தீர்மானிக்கும் காரணி.

இரண்டாவது பாடம் இதற்கு மறுதலையானது. தடைகளற்ற விரைவு நன்மையே தரும் என நம்புவோர் 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தையும் 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பின்னையது 1956 யூன் மாதத்திற் சமர்ப்பிக்கப்பட்டு அம்மாதத்திலேயே பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு சிறுபான்மையோருக்குக் கவசம் எனக் கூறப்பட்டது. ஆயினும் பிரசாவுரிமைச் சட்டம் அக்கவசத்தை மீறவில்லை என 1953 இல் பிரிவிக் கவுன்சில் தீர்த்தது. கேரளத்திற் கத்தோலிக்கப் பாடசாலைக்குக் கிடைத்த 30 ஆம் உறுப்புரையின் காப்பை ஒத்த ஒன்று இலங்கைத் தமிழனுக்கும் மலையகத் தொழிலாளிக்கும் கிடைத்திருக்குமாயின், அதனைப் பிற்போக்கான தாமதம் என எவரும் பழித்திருக்க மாட்டார்.

இவ்விரு பாடங்களும் ஒன்றோடொன்று முரண்படுவன போலத் தோன்றலாம். ஓரிடத்தில் தாமதம் எளியவனை அழித்தது. மற்றோரிடத்தில் தாமதம் இல்லாமை எளியவனை அழித்தது. முரண்பாட்டைத் தீர்க்கும் திறவுகோல் அந்தச் சிறிய அவசரச் சட்டத்திலேயே உண்டு. ஆலோசனைக்கும் ஆய்வுக்கும் அவகாசம் வேண்டியதே. அந்த அவகாசம் யாருடைய செலவிற் பெறப்படுகின்றது என்பதே வினா. இருப்பவனின் இருப்பைக் காத்துக்கொண்டு நிகழும் விவாதம் எத்தனை மாதம் நீடிப்பினும் சனநாயகமாகும். எளியவனைத் திறந்த வெளியில் நிறுத்திவிட்டு நிகழும் விவாதம், எத்துணை நாகரிகமான சொற்களில் நடைபெறினும், வலியவனுக்கு வழங்கப்படும் தவணையே ஆகும்.

கல்விச் சட்டத்தின் 11 ஆம் பிரிவு 1960 இல் திருத்தப்பட்டு, நியமன அதிகாரம் முகாமையாளரிடமே திரும்பியது. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம்பளத்தை அரசு கொடுப்பதும் நியமனத்தை முகாமை செய்வதும் இன்றும் கேரளத்தில் தொடரும் ஏற்பாடு. நிலச் சட்டத்திலோ குத்தகைக்காரன் உரிமையாளனானான். கூலியாள் பத்து சென்றோடு நின்றான். இருபத்தெட்டு மாதம் வாழ்ந்த ஒரு சபையின் இரு சட்டமூலங்களும் முழு வெற்றியும் பெறவில்லை. முழுத் தோல்வியும் அடையவில்லை. அன்றைய அமைச்சரவை ஆறு நாள்களில் எழுதிய ஆணையே, அதன் பேருரைகள் மறக்கப்பட்ட பின்னரும், குடியானவனை அவனது வரப்பில் நிறுத்திவைத்தது. இனிவரும் சட்டமூலங்களை ஆராய்வோர், அவை யாருக்கு எதை வாக்களிக்கின்றன என்று கேட்பதற்கு முன்னர், அவ்வாக்கு நிறைவேறும்வரை அவன் எங்கே நிற்பான் என்று கேட்டறிதல் வேண்டும்.